பீன்யாத் தண்ணீரும் ஒகேனக்கல் மீனும்

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் ‘இதர விஷயங்கள்’ என்ற பகுதி வந்தபோது நான் எழுந்து, விருஷபாவதி ஆற்றைப் பற்றியும் அதன் வழியே காவிரியில் வாழும் மீன்களைப் பற்றியும் நம் சங்கம் ஒரு தீர்மானம் போடவேண்டும் என்று சொன்னேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. “பீன்யாவில் மீன் ஞாயிற்றுக்கிழமை கடையில்தானே சார் கிடைக்கிறது!” என்றார் ஓர் அன்பர். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது மூத்த உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “தம்பி, தமிழ் வகுப்பு, பொங்கல் விழா என்று நாம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். காவிரி என்ற பேச்சை இங்கே எடுக்காதீங்க” என்றார். அவர் அக்கறை எனக்குப் புரியாமல் இல்லை. 1991 டிசம்பரை அவரும் நானும் இதே ஊரில் கழித்தவர்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டு எண் போட்ட வண்டியை ஷெட்டுக்குள் தள்ளித் தார்ப்பாயால் மூடிவைத்தவர்கள். ஆனால் நான் பேச நினைத்தது யாருக்கு எத்தனை டி.எம்.சி. என்பதைப் பற்றி அல்ல. நாம் இங்கிருந்து அனுப்பும் தண்ணீரைப் பற்றி. அதைக் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

நம்மில் பலர் முப்பது நாற்பது வருடமாகப் பீன்யாவில் இருக்கிறோம். இங்கே பெய்யும் மழை எங்கே போகிறது என்று கேட்டால் “மோரிக்குப் போகிறது” என்போம். மோரி எங்கே போகிறது? பீன்யாத் தொழிற்பேட்டையின் பெரும்பகுதியிலிருந்து இறங்கும் ராஜகால்வாய்கள் விருஷபாவதிப் பள்ளத்தாக்கில் சேர்கின்றன. பசவனகுடி நந்தியின் காலடியில் பிறந்தவள் என்பதால் விருஷபாவதி என்று பெயர். காளையின் பெயரைச் சுமந்த அந்த ஆறு மைசூர் ரோட்டை ஒட்டிக் காளி ஆஞ்சநேயர் கோயிலைக் கடந்து, கெங்கேரி, பிடதி வழியே பைரமங்கலம் ஏரியை அடைகிறது. அங்கிருந்து இறங்கிக் கனகபுரம் பக்கத்தில் அர்க்காவதியோடு கலக்கிறது. அர்க்காவதி சங்கமம் என்ற இடத்தில் காவிரியில் விழுகிறது. அதற்குச் சற்றுக் கீழே மேகதாது. அதற்கும் கீழே ஒகேனக்கல். பிறகு மேட்டூர்.

என் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். ஒகேனக்கல் எங்களுக்கு ஆடிப் பெருக்குக்குப் போகும் இடம். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்து, பரிசலில் ஒரு சுற்றுச் சுற்றி, கரையில் பொரித்துக் கொடுக்கும் மீனைச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம். நான் பிழைப்புத் தேடி வந்து சேர்ந்த இடத்தின் சாக்கடை, நான் பிறந்த இடத்துக்குத்தான் போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆயிற்று. படத்தை விரித்து விரலால் ஓட்டிப் பார்த்தபோது உடம்பு கூசியது.

கிழக்குப் பெங்களூரில் இருக்கும் அன்பர்கள் தப்பித்தோம் என்று நினைக்கவேண்டாம். கோரமங்கலம், செல்லகட்டம், ஹெப்பாள் பள்ளத்தாக்குகளின் தண்ணீர் தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் பனிமலை மாதிரி நுரை பொங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்து உச்சுக் கொட்டியிருப்பீர்கள். அந்த நுரையில் உங்கள் வீட்டுச் சோப்பும் உண்டு.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். 1980-களில் நான் இங்கே வந்து முதலில் சேர்ந்தது ஒரு பிளேட்டிங் பட்டறையில். பட்டறையின் பெயர் வேண்டாம். முதலாளி நல்ல மனிதர், என்னை மகன்போல நடத்தியவர். குரோம் தொட்டியில் முக்கி எடுத்த சாமானைத் தண்ணீர்த் தொட்டியில் அலசுவோம். அலசிய தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். அது தினமும் கால்வாய்க்குப் போகும். மாதம் ஒருமுறை தொட்டி கழுவும் நாளில், ராத்திரி பத்து மணிக்கு மேல், நானும் இன்னொரு பையனும் வாளிவாளியாக மோரியில் கொட்டுவோம். மழை பெய்தால் இன்னும் வசதி. “மழைத் தண்ணியோட போயிடும்” என்பார் மேஸ்திரி. போகத்தான் செய்தது. எங்கே போனது என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த மஞ்சள் ஆறிணைதிற குரோமியம் எனப்படுவது. புற்றுநோய் தரக்கூடியது. அதன் ஆவியில் வேலை செய்பவர்களுக்கு மூக்கின் நடுச்சுவர் புண்ணாகி ஓட்டை விழுவது உலகெங்கும் பிளேட்டிங் தொழிலில் தெரிந்த சங்கதி. மண்ணில் இறங்கினால் நிலத்தடி நீரோடு சுலபமாக நகரும். பீன்யாவில் போர்வெல் தண்ணீரில் குரோமியம் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பேட்டைகளுக்கு மதிப்பெண் போட்டபோது, பீன்யா ‘கடுமையாக மாசுபட்டவை’ என்ற வரிசையில் நின்றது. ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் அதே பேட்டைதான்.

இதில் வேதனை என்னவென்றால், அந்த மஞ்சளைப் போக்குவது பெரிய வித்தை அல்ல. தண்ணீரைக் கொஞ்சம் ஆசிட் ஆக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டுக் கலக்கினால் மஞ்சள் பச்சையாக மாறும். விஷம் பெருமளவு குறைந்த இன்னொரு குரோமியம் அது. பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் பச்சைச் சேறாக அடியில் தங்கிவிடும். சேற்றை வடிகட்டி, அபாயக் கழிவு புதைக்கும் இடத்துக்கு முறைப்படி அனுப்பவேண்டும். சிறிய பட்டறை என்றால் கழிவுநீரைத் தொட்டியில் சேர்த்துவைத்து டேங்கரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பலாம். இதெல்லாம் சட்டப்படி கட்டாயமும்கூட. ஆனால் டேங்கருக்குக் காசு; மோரி இலவசம்.

“சரி, மீன் எங்கே வந்தது?” என்று அந்த அன்பர் கேட்பார். வருகிறேன்.

சங்கமத்திலிருந்து ஒகேனக்கல் வரையிலான காவிரியும் அதற்கு மேலேயுள்ள பீமேஸ்வரி, காலிபோரே பகுதிகளும் ஒரு மீனுக்குப் பேர்போனவை. ஆங்கிலத்தில் மஹ்சீர் என்பார்கள். இங்கே கன்னடத்தில் பிளிமீனு. கெண்டை இனந்தான், ஆனால் சாதாரணக் கெண்டை அல்ல. முதுகில் திமில்போல ஒரு மேடும், செம்மஞ்சள் செதிள்துடுப்பும் கொண்ட காவிரி மஹ்சீர் ஐம்பது கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு. அந்தக் கதையைச் சொல்லித்தான் வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி வந்தார்கள்.

குளிர்நாடுகளில் சால்மன் மீனைப் பற்றிப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறி, பிறந்த ஓடையின் கூழாங்கல்லில் முட்டையிடும். மஹ்சீர் கடலுக்குப் போவதில்லை. ஆனால் மழைக்காலப் புதுவெள்ளத்தில் ஆற்றை எதிர்த்து மேலே ஏறிப் போய், தெளிந்த, ஓடுகிற, காற்று கலந்த நீரில், சரளைக்கல்லிடையே முட்டையிடுவது இதற்கும் வழக்கம். அதாவது மீனுக்கு வேண்டியது ஆறு முழுவதும்: ஏறிப்போக வழி, முட்டையிடச் சரளை, குஞ்சு ஒதுங்கக் கரையோரத்துப் படுகை, மூச்சுவிட நல்ல தண்ணீர். சாக்கடை கலந்த நீரில் உள்ள கிருமிகளே பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் விஷத்தால் மட்டும் சாவதில்லை, மூச்சுத் திணறியும் சாகிறது.

இந்தக் காவிரி மஹ்சீருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1970-களில் மஹ்சீர் குறைந்துவருகிறது என்று கவலைப்பட்டு, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தார் ஒரு பொரிப்பகம் நடத்தினார்கள். அங்கே பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளில் விடப்பட்டன, காவிரியிலும். நல்ல எண்ணந்தான். ஆனால் அது கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்து மீன், வேறு இனம். 1998 முதல் 2012 வரை தூண்டில் முகாம்களில் எழுதிவைத்த கணக்கை ஆராய்ந்தவர்கள், வந்த மீன் பெருகியதையும் சொந்த மீன் அடியோடு சரிந்ததையும் கண்டார்கள். நூற்றைம்பது வருடமாக உலகம் புகழ்ந்த இந்த மீனுக்கு விஞ்ஞானப் பெயர் எது என்பது 2018-இல்தான் உறுதியாயிற்று. கேரளத்தில் பாம்பாற்றில் கண்டு 2007-இல் டோர் ரேமாதேவி என்று பெயரிட்ட மீனும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. பாம்பாறு வேறெங்கும் போகவில்லை. நம் அமராவதியில்தான் சேர்கிறது. பெயர் கிடைத்த அதே வருடத்தில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ‘அழிவின் விளிம்பில்’ என்ற பட்டியலில் சேர்த்தது. நீலகிரி அடிவாரத்து மோயாற்றில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

நீலகிரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மலைமேல் அவலாஞ்சியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பொரிப்பகம் கட்டி, அயல்நாட்டு டிரவுட் மீனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து வளர்த்தார்கள், துரைமார்களின் தூண்டில் பொழுதுபோக்குக்காக. மலையடிவாரத்தில் ஐம்பது கிலோ மீன் நீந்திக்கொண்டிருக்க, மலைமேல் ஒரு கிலோ மீனுக்கு அத்தனை உபசாரம்! அந்தப் புத்தி நம்மைவிட்டுப் போய்விட்டதா? இன்றும் ஆற்றைக் காக்கும் திட்டம் என்றால் ஒரு தட்டில் மீன்குஞ்சு, ஒரு மந்திரி, நான்கு காமிரா. குஞ்சு விடுவது சுலபம். அது பிழைக்கும் ஆற்றைக் கொடுப்பதுதான் கடினம்.

மஹ்சீர் குறைந்ததற்குப் பீன்யாதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. அணைகள் வழியை அடைத்தன. மணல் அள்ளியதில் முட்டையிடும் இடம் போயிற்று. வெடிவைத்து மீன் பிடிப்பவர்கள் பெரிசு சிறிசு பார்ப்பதில்லை. ஆனால் மற்றவற்றுக்கு நாம் கோர்ட்டையும் அரசாங்கத்தையும் கேட்கவேண்டும். மோரியில் கொட்டுவதை நிறுத்த யாரையும் கேட்கவேண்டியதில்லை.

இது நடக்கக்கூடிய காரியமா என்பதற்கு ஐரோப்பாவின் ரைன் ஆற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் தொழிற்பேட்டைகளின் ஆறு. 1950-களில் ரைனிலிருந்து சால்மன் மறைந்துவிட்டது. 1986 நவம்பர் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் கம்பெனியின் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிமருந்தோடு ஆற்றில் பாய்ந்து, லட்சத்துக்கு மேல் விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. கீழே ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, எல்லாம் கொதித்தன. ஆனால் ஒருவரையொருவர் திட்டியதோடு நிற்கவில்லை. மறுவருடமே கூடி உட்கார்ந்து, 2000-ஆம் ஆண்டுக்குள் ரைனில் சால்மன் திரும்பவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். எத்தனை மில்லிகிராம் என்று இலக்கு வைத்திருந்தால் பொதுஜனத்துக்குப் புரிந்திருக்காது. மீன் என்றதும் புரிந்தது. ஆலைக் கழிவைக் கட்டுப்படுத்தினார்கள், அணைகளில் மீன் ஏறப் படி கட்டினார்கள், கரைகளைத் தள்ளிவைத்துப் பழைய படுகைகளுக்கு வெள்ளம் பாய வழிவிட்டார்கள். 1990-இலேயே அதன் துணையாறான ஜீக்கில் சால்மன் தென்பட்டது. இன்றுவரை குஞ்சு விட்டுத்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள், முழு வெற்றி என்று சொல்லமுடியாது. ஆனாலும் தண்ணீர் சுத்தமாயிற்று, குடிக்கிறார்கள். அமெரிக்காவில் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்து முடித்தது 2024-இல். சில வாரங்களில் சால்மன் அணை இருந்த இடத்தைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் அடைபட்ட வழி!

நம் விருஷபாவதிக்கு வருவோம். படுகை என்று நான் சொன்னதை இங்கே எங்கே தேடுவது? இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி ஆற்றைப் பெட்டிக்குள் அடைத்தாயிற்று. மழை வந்தால் தண்ணீருக்குப் பரவ இடமில்லை, ஆகையால் வீட்டுக்குள் வருகிறது. 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளுக்கு 75 மீட்டரும் பெரிய ராஜகால்வாய்களுக்கு 50 மீட்டரும் இடைவெளி விடவேண்டும் என்று உத்தரவிட்டது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சட்டநுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் ஆற்றுக்கு இடம் விடவேண்டும் என்பது நம் ஊர் வாய்க்கால் வெட்டியவனுக்குக்கூடத் தெரியும். அவன் படுகையில் புல்லும் நாணலும் விட்டுவைத்தானே தவிர வீடு கட்டவில்லை.

பெங்களூரிலேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. வடக்கே ஜக்கூர் ஏரியைப் போய்ப் பாருங்கள். சாக்கடை நீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், பிறகு கோரையும் சம்பும் வளர்ந்த சதுப்பின் வழியே வடிந்து, அதன் பின்னரே ஏரியில் விழுகிறது. மீன் பிடிக்கிறார்கள், நாரைகள் நிற்கின்றன. பீன்யாவைச் சுற்றிலும் சிவபுரம், சொக்கசந்திரம், கரிஹோபனஹள்ளி என்று ஏரிகள் இருக்கின்றன. ஒன்றுக்காவது இதுபோல் செய்ய இடம் இருக்கிறது. ஒன்றுமட்டும்: சாக்கடைக்குச் சதுப்பு உதவும், குரோமியத்துக்கு உதவாது. அதைப் பட்டறை வாசலிலேயே பிடிக்கவேண்டும்.

மூத்தவர் சொன்ன பயத்துக்கு என் பதில் இது. பெங்களூருக்கு முதன்முதலாகக் காவிரி வந்தது 1974-இல். சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரெக்காடனஹள்ளி வழியே, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டமும் திறந்தபின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 222 கோடி லிட்டர் கொண்டுவரும் வசதி இருக்கிறது. அந்தத் தண்ணீரில் முக்கால் பங்குக்கு மேல் கழிவாகக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது முதலில் அடிபடுபவர் தமிழர் அல்ல. பைரமங்கலத்துக் கன்னட விவசாயிதான். நுரை அவர் வயலில்தான் ஏறுகிறது. அந்தத் தண்ணீரில்தான் அவர் கீரை விளைகிறது, அது நம் பீன்யா மார்க்கெட்டுக்கே திரும்பி வருகிறது. நம் கழிவை நாம் நிறுத்தினால் வாழ்த்துபவர் முதலில் அவர்தான். காவிரியைப் பற்றிக் கன்னடரும் தமிழரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பேசக்கூடிய விஷயம் இது ஒன்று இருக்கிறது. அதையும் பேசாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல் மஞ்சளாகி, எலும்பு வளைந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் திறக்கப்பட்டது. நல்ல திட்டம். என் அக்காள் வீட்டுக் குழாயிலும் அந்தத் தண்ணீர்தான். சுத்திகரித்துத்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் கோடையில் ஆறு மெலிந்து, மேலிருந்து நல்ல தண்ணீர் குறைந்து, நம் பக்கத்துத் தண்ணீர் மட்டும் குறையாமல் போய்ச்சேரும் மாதங்களில் அக்காள் குடம் நிரப்புவதை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. அந்த ராத்திரி வாளி நினைவுக்கு வந்துவிடுகிறது.

ஆகையால் அடுத்த பொதுக்குழுவில் மறுபடியும் எழுந்திருக்கப் போகிறேன். தீர்மானம் நீளமில்லை. நம் சங்க உறுப்பினர்களில் பிளேட்டிங், பிக்ளிங், பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் கழிவுநீரை மோரியில் விடுவதில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது. ஒரே தெருவில் உள்ள சிறிய பட்டறைகள் சேர்ந்து ஒரு டேங்கருக்குப் பணம் போடுவது. பொங்கல் விழா மலரில் விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகளிடம் இதே உறுதியைக் கேட்பது. கொடுக்காவிட்டால் அரைப் பக்க விளம்பரம் போனால் போகட்டும். பைரமங்கலத்து விவசாயிகள் சங்கத்தார் இரண்டு பேரை நம் விழாவுக்கு அழைத்து, கன்னடத்திலேயே பேசச் சொல்வது. தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றி, பீன்யா மோரியில் தொடங்கிச் சங்கமம் வரை கூட்டிப்போய்க் காட்டுவது. வேன் செலவு என்னுடையது.

இந்தக் கட்டுரையை ஆசிரியரிடம் கொடுக்குமுன் மூத்தவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். தீர்மானத்தில் ‘காவிரி’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் தாமே வழிமொழிவதாகச் சொன்னார். எடுத்துவிட்டேன். ‘விருஷபாவதி’ என்று மட்டும் போட்டிருக்கிறேன்.